கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கட்டுப்படியாகும் கல்லூரி: பிளஸ் ஒன்னிலேயே தொடங்க வேண்டிய தேடல்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் ஓர் அப்பா மகனை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பையன் கணக்கில் சென்டம். அது பெரிய விஷயமில்லை. அந்த ஆண்டு எங்கள் பள்ளியிலேயே இன்னும் சிலர் சென்டம். ஆனால் இவன், பிளஸ் ஒன்னில் நான் விளையாட்டாகக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவிட்டுப் போன ஒரு கேள்வியை மூன்று வாரம் விடாமல் வைத்திருந்து, இரண்டு விதமாக நிரூபித்துக்கொண்டு வந்து நீட்டியவன். "சார், இன்ஜினியரிங் சேர்க்க வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் ஆகும்ங்கிறாங்க. வேற ஏதாவது வழி இருக்கா?" என்றார் அப்பா.

வழி இருந்தது. பிள்ளைக்கு மாதாமாதம் காசு கொடுத்துப் படிக்கவைக்கும் இடமே இருந்தது. ஆனால் அதற்கு விண்ணப்பிக்கும் தேதி மார்ச்சிலேயே முடிந்துபோயிருந்தது. முன்கூட்டியே சொல்லாதது என் தப்பு. அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் ஒன் பிள்ளைகளில் இப்படி ஒருவர் கண்ணில் பட்டால், ஜூன் மாதமே பெற்றோரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிடுகிறேன். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் நாட்டில் கணிதத்துக்கென்று இருக்கும் மிகச் சிறந்த இடங்களில் பல, மிகக் குறைந்த செலவில் படிக்கக்கூடிய இடங்களும்தான். வேறு எந்தப் படிப்பிலும் இந்த அதிர்ஷ்டம் இவ்வளவு எளிதாக வாய்ப்பதில்லை. இங்கே கதவைச் சாத்துவது பெரும்பாலும் பணமில்லை, தேதி. அடுத்ததாக, ஆங்கிலத்தில் நிரூபணம் எழுதத் தெரியாமை. இரண்டையும் ஒன்றரை வருடத்தில் சரிசெய்துவிடலாம்.

படி 1: பிள்ளை எந்த ரகம் என்று கண்டுபிடியுங்கள்

சென்டம் எடுப்பது ஒரு திறமை. கணிதம் செய்வது வேறொரு திறமை. இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். புத்தகத்திலுள்ள பயிற்சிக் கணக்குகளை ஒன்றுவிடாமல் போடும் பிள்ளை, புத்தகத்தில் இல்லாத கணக்கைப் பார்த்ததும் "இது சிலபஸ்லயே இல்லையே" என்று நோட்டை மூடிவிடலாம். 88 மதிப்பெண் எடுக்கும் இன்னொரு பிள்ளை அதே கணக்கைச் சாப்பாட்டு நேரத்திலும் நினைத்துக்கொண்டிருக்கலாம். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இரண்டாவது பிள்ளைக்கானது.

சோதித்துப் பார்க்க ஒரு கேள்வி தருகிறேன். ஏதாவது ஐந்து முழு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் மூன்றை எப்படியாவது தேர்ந்தெடுத்து, அவற்றின் கூடுதல் 3ஆல் மீதியின்றி வகுபடும்படி செய்துவிடலாம். எந்த ஐந்து எண்களானாலும் இது நடக்கும். ஏன்?

பதில் தெரிகிறதா என்று பார்க்காதீர்கள். பிள்ளை என்ன செய்கிறது என்று பாருங்கள். நான்கைந்து தொகுதிகளை எடுத்து முயன்று பார்க்கிறதா? எண்களின் அளவு முக்கியமில்லை, 3ஆல் வகுத்தால் வரும் மீதிதான் முக்கியம் என்று தானாகக் கண்டுபிடிக்கிறதா? 0, 1, 2 என்று மூன்று மீதிகளும் இருந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளலாம். ஏதாவது ஒரு மீதி இல்லையென்றால், மிச்சமிருக்கும் இரண்டு வகைக்குள் ஐந்து எண்கள் அடங்கவேண்டும், அப்போது ஒரு வகையில் குறைந்தது மூன்று எண்கள் இருந்தாக வேண்டும். இந்த இடத்துக்கு ஒரு வாரத்தில் வந்து சேர்ந்தால் போதும். நான் சொல்லாமலேயே "ஐந்துக்குப் பதிலாக நான்கு எண் இருந்தால் நடக்காதா சார்?" என்று திருப்பிக் கேட்டால், அந்தப் பிள்ளையை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கணக்கு மட்டும்தான் பிடிக்குமா, இயற்பியலும் கணினியும் சேர்ந்து பிடிக்குமா? மூன்று மணி நேரத்தில் 75 கேள்வியை வேகமாக முடிப்பதில் சுகம் காண்கிறதா, ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டுவதிலா? பதிலைப் பொறுத்துப் போகவேண்டிய இடம் மாறும்.

படி 2: ஃபீஸைப் பார்க்காதீர்கள், கையிலிருந்து போகும் தொகையைப் பாருங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கட்டணம், ஹாஸ்டலும் மெஸ்ஸும், சேரும்போது ஒருமுறை ஆகும் செலவு (முன்வைப்புத் தொகை, லேப்டாப், படுக்கை), ஊருக்குப் போய்வரும் ரயில் செலவு என்று நான்கு வரி எழுதுங்கள். ஒருமுறைச் செலவைத் தவிர மற்ற மூன்றையும் ஓர் ஆண்டுக்குக் கூட்டி, அதிலிருந்து உதவித்தொகையையும் கட்டணச் சலுகையையும் கழியுங்கள். அதைப் படிப்புக் காலத்தால் பெருக்கி, ஒருமுறைச் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாண்டுப் படிப்பையும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி.யையும் ஆண்டுக் கட்டணத்தை வைத்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

கீழே வரும் வரியில் மிஞ்சுவதுதான் உங்கள் பிரச்சினை. பத்து லட்சம் கட்டணம் போட்டிருக்கும் இடத்தில் அது பூஜ்யமாகலாம். கட்டணமே இல்லாத இடத்தில் மெஸ்ஸும் ரயிலும் சேர்ந்து ஆண்டுக்கு ஐம்பதாயிரத்தைத் தாண்டலாம். இந்தக் கணக்கை முடிக்கும்வரை நகையை அடகு வைப்பது பற்றிப் பேசவேண்டாம்.

படி 3: கணக்கு மட்டுமே போதும் என்கிற இடங்கள்

இந்தியப் புள்ளியியல் கழகம், அதாவது ஐ.எஸ்.ஐ. 1931இல் மகலனோபிஸ் கல்கத்தாவில் தொடங்கியது. அங்கே பி.ஸ்டாட். என்ற புள்ளியியல் பட்டப்படிப்பு, பெங்களூரு மையத்தில் பி.மேத். என்ற கணிதப் பட்டப்படிப்பு. பெயரில் புள்ளியியல் இருந்தாலும் இரண்டிலும் கணிதம் ஆழமாக இருக்கும். படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை என்பது இதன் நீண்டகால வழக்கம். அதோடு மாத உதவித்தொகையும் உண்டு. சமீப ஆண்டுகளில் இளநிலை மாணவர்களுக்கு மாதம் 5,000 ரூபாய். மெஸ் செலவின் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிடும். ஆனால் இந்தத் தொகை மதிப்பெண்ணோடு கட்டப்பட்டது. படிப்பில் சறுக்கினால் குறையும், நிற்கவும் செய்யும். வீட்டில் இதைச் சேர்வதற்கு முன்பே சொல்லிவையுங்கள்.

நுழைவுத் தேர்வு பெரும்பாலும் மே மாதம். காலையில் 30 கொள்குறி வினாக்கள், பிறகு 8 கணக்குகளுக்கு விரிவாக எழுத வேண்டிய தாள் என்பது பல ஆண்டுகளாக இருக்கும் அமைப்பு. தேறினால் நேர்காணல். இயற்பியல், வேதியியல் எதுவும் கேட்க மாட்டார்கள். இங்கேயே புள்ளியியல் தரவு அறிவியல் என்ற புதுப் பட்டப்படிப்பு 2024இல் தொடங்கியது. அதற்கு வழி வேறு, தனிக் கணிதத் தேர்வு இல்லை. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் விண்ணப்பத்தில் குழம்பிவிடாதீர்கள்.

அடுத்தது நம் வாசலிலேயே இருக்கிறது. சிறுசேரி சிப்காட் வளாகத்தில், ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே, சென்னைக் கணிதவியல் கழகம். சி.எம்.ஐ. என்றால் எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் என்றால், தெரிந்தவர்கள் எல்லாருக்கும். ஓ.எம்.ஆரில் தினமும் அதைத் தாண்டி பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பலகையைக் கவனித்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. காஞ்சிபுரத்தில் பிறந்த கணிதவியலாளர் சி.எஸ். சேஷாத்ரி 1989இல் தொடங்கிய நிறுவனம். கணிதமும் கணினி அறிவியலும், கணிதமும் இயற்பியலும் என்று இரண்டு மூன்றாண்டு பி.எஸ்சி. ஆனர்ஸ் படிப்புகள். இங்கிருந்து உலகின் மிகச் சிறந்த பல்கலைக்கழகங்களுக்கு ஆராய்ச்சிக்குப் போகும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

சி.எம்.ஐ. இணையதளத்தில் கட்டணத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடாதீர்கள். தேர்வில் நன்றாகச் செய்தவர்களுக்கும் வசதி குறைந்தவர்களுக்கும் முழுமையாகவோ பகுதியாகவோ கட்டணத் தள்ளுபடி கொடுக்கும் வழக்கம் அங்கே உண்டு. விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். இது தர்மம் இல்லை, அவர்கள் நல்ல மாணவரைத் தேடுகிறார்கள்.

சி.எம்.ஐ. தேர்வும் மே மாதம்தான். அதன் இரண்டாம் பகுதியில் விடை மட்டும் எழுதினால் செல்லாது, ஏன் அப்படி என்று படிப்படியாக நிரூபிக்க வேண்டும். பழைய வினாத்தாள்களை நிறுவனமே இணையத்தில் போட்டிருக்கிறது. இலவசம். ஆயிரக்கணக்கில் கொட்டிக்கொடுத்துக் கோச்சிங் போவதற்கு முன், அதில் ஐந்து வினாத்தாளை அச்செடுத்துக் கொடுத்துப் பாருங்கள்.

படி 4: கணக்கோடு மற்ற பாடமும் கேட்கும் இடங்கள்

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2011 முதல் நான்காண்டு இளநிலை ஆராய்ச்சிப் படிப்பு இருக்கிறது. கணிதத்தை முதன்மைப் பாடமாக எடுக்கலாம். கட்டணம் தனியார் கல்லூரிகளோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. ஜே.இ.இ. அல்லது ஐசர் (இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம்) நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு சேர்க்கிறார்கள். போட்டி கடுமை.

ஐசர் நிறுவனங்கள் ஏழு: புனே, கொல்கத்தா, மொகாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குத் திருவனந்தபுரமும் திருப்பதியும் பக்கம். ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு. இங்கே ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். நுழைவுத் தேர்வில் 60 கேள்விகள். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்குக்கும் பதினைந்து பதினைந்து. கம்ப்யூட்டர்-மேத்ஸ் குரூப் எடுத்த பிள்ளை உயிரியலுக்கான கால் பங்கு மதிப்பெண்ணை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் போட்டியில் இறங்குகிறது. அதனால் முடியாது என்றில்லை. பத்தாம் வகுப்போடு நின்றுபோன உயிரியலில் எளிதான மூன்று நான்கு பாடங்களைத் தூசிதட்டி வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். சேர்ந்த பிறகும் முதல் இரண்டு ஆண்டுகள் எல்லா அறிவியலும் படித்தாக வேண்டும். கணக்கைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்கிற பிள்ளைக்கு அது பெரிய தண்டனை. ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறேன் என்கிற பிள்ளைக்கு அதுவே வரம்.

புவனேஸ்வரத்தில் இருக்கும் நைசரும் (தேசிய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம்) மும்பையிலுள்ள அணுசக்தித் துறை சார்ந்த அடிப்படை அறிவியல் மையமும் நெஸ்ட் என்ற தேர்வின் வழியே சேர்க்கின்றன. இங்கே சேரும் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 60,000 ரூபாய் உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது, கோடைக்காலப் பயிற்சிக்கு மேலும் 20,000.

ஐ.ஐ.டி.க்களில் கணிதமும் கணினியும் சேர்ந்த பி.டெக். பல இடங்களில் வந்துவிட்டது. ஆண்டுக்கு இரண்டு லட்சம் படிப்புக் கட்டணம் என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருந்தால் அந்தக் கட்டணம் முழுதும் தள்ளுபடி. ஐந்து லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு வருமானம் பார்க்காமலேயே முழுத் தள்ளுபடி. ஆனால் ஜே.இ.இ. என்பது வேகத்தின் விளையாட்டு. ஒரே கேள்வியோடு மூன்று வாரம் குடித்தனம் நடத்தும் பிள்ளையை அதற்காக இரண்டு வருடம் கோச்சிங் ஃபேக்டரியில் பூட்டிவைப்பது எனக்குச் சம்மதமில்லை. சிலருக்கு அது கணக்கின்மீதே வெறுப்பை உண்டாக்கிவிடுகிறது.

க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வின் வழியாகச் சேரும் மத்தியப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. திருவாரூரில் 2009இல் வந்த தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. கணிதம் உண்டு. ஹைதராபாத் பல்கலைக்கழகத்திலும் உண்டு. இரண்டிலும் செலவு நடுத்தரக் குடும்பத்துக்குத் தாங்கும்.

தனியாரில் அசோகா, அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகங்கள் கட்டணத்தைப் பார்த்தால் மயக்கம் வரும். ஆனால் குடும்ப வருமானத்தைப் பொறுத்து முழுக் கட்டணத்தையும்கூடத் தள்ளுபடி செய்கிறார்கள். படி 2இல் சொன்ன நோட்டுக்கு ஒரு பக்கம் கொடுத்து வையுங்கள்.

படி 5: ஒலிம்பியாட் என்ற பக்கவாட்டுக் கதவு

கணித ஒலிம்பியாட் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கான கணிதப் போட்டித் தேர்வு. எட்டாம் வகுப்பிலிருந்தே எழுதலாம். செப்டம்பரில் நடக்கும் முதல் கட்டத் தேர்வுக்கு ஐ.ஓ.கியூ.எம். என்று பெயர். 30 கேள்விகள், மூன்று மணி நேரம், எல்லா விடையும் 00 முதல் 99 வரையிலான முழு எண்ணாகவே வரும். அதில் தேறினால் மண்டல அளவு, பிறகு ஜனவரியில் தேசிய ஒலிம்பியாட், அதற்குப் பின் சர்வதேசப் போட்டிக்கான பயிற்சி முகாம்.

தேசிய ஒலிம்பியாடில் தேறியவர்களைச் சி.எம்.ஐ. நுழைவுத் தேர்வில்லாமலேயே எடுத்துக்கொள்ளும். விண்ணப்பம் மட்டும் போட்டிருக்க வேண்டும். மும்பை ஐ.ஐ.டி.யின் கணிதப் பட்டப்படிப்புக்கும் ஒலிம்பியாட் வழி இருக்கிறது. 2025 முதல் சென்னை, கான்பூர் ஐ.ஐ.டி.க்களும் ஒலிம்பியாட் மாணவர்களுக்கெனச் சில இடங்களை ஒதுக்கத் தொடங்கியிருக்கின்றன.

தேறாவிட்டாலும் பரவாயில்லை. இந்தத் தேர்வுக்குப் படிக்கும் விஷயங்கள்தாம் ஐ.எஸ்.ஐ., சி.எம்.ஐ. தேர்வுகளுக்கும் அடித்தளம். பிரச்சினை, மாவட்டத் தலைநகரைத் தாண்டினால் பல பள்ளிகளுக்கு இப்படி ஒரு தேர்வு இருப்பதே தெரியாது. பள்ளி பதிவு செய்யவில்லை என்றால் பக்கத்துக் கேந்திரிய வித்யாலயாவிலோ சி.பி.எஸ்.இ. பள்ளியிலோ மையம் இருக்கிறதா என்று ஜூலையிலேயே போய்க் கேளுங்கள்.

படி 6: ஒன்றரை வருடத் தயாரிப்பு

நம் பாடநூலைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். பதினோராம் வகுப்பில் சேர்ப்பியலும் கணிதத் தொகுத்தறிதலும் இருக்கின்றன, பன்னிரண்டில் தனிநிலைக் கணிதம் இருக்கிறது. பொதுத்தேர்வுக்கு முக்கியமில்லை என்று பல பள்ளிகளில் மேலோட்டமாகக் கடந்துவிடுகிறோம் (நானும் கடந்திருக்கிறேன்). அங்கிருந்தே தொடங்குங்கள். நம் புத்தகத்தில் போதுமான அளவு இல்லாதவை: எண்ணியல் (வகுபடும் தன்மை, மீதிகளின் கணிதம், பகா எண்கள்), சமனின்மைகள், புறாக்கூண்டுக் கொள்கை (படி 1இல் ஐந்து எண்களை இரண்டு வகைக்குள் அடக்கிய யோசனை), பல்லுறுப்புக்கோவைகளின் மூலங்களைப் பற்றிய கேள்விகள், நிரூபணத்தோடு கூடிய வடிவியல்.

வாரத்துக்கு மூன்று கணக்கு போதும். முப்பது வேண்டாம். ஆனால் அந்த மூன்றையும் முழு வாக்கியங்களில் எழுத வேண்டும். "எனவே" எங்கே வருகிறது, எதனால் வருகிறது என்று இன்னொருவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி.

தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில்தான் கால் இடறும். ஜே.இ.இ. மெயின் தமிழிலும் எழுதலாம், ஐ.எஸ்.ஐ., சி.எம்.ஐ. தாள்கள் ஆங்கிலத்தில்தான். பயப்படும் அளவுக்கு இல்லை. கணித ஆங்கிலத்தில் சொற்கள் குறைவு. ஒரு இருநூறு சொல், முப்பது வாக்கிய அமைப்பு. நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: முதலில் தமிழில் நிரூபணத்தை எழுது, பிறகு அதை ஆங்கிலத்தில் எழுது. ஆறு மாதத்தில் தமிழ் வரைவு தேவைப்படாமல் போய்விடும். தமிழில் யோசிப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

மற்ற பாடங்களையும் கைவிட வேண்டாம். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், கணக்கிலேயே மூழ்கி ஆங்கிலம் உள்ளிட்ட மற்ற பாடங்களில் தவறி, அந்த உதவித்தொகையை இழந்தார். பிறகு பச்சையப்பன் கல்லூரியிலும் அதே கதை. இன்றும் கீழே சொல்லப்போகிற உதவித்தொகைகளில் சில, மொத்த மதிப்பெண்ணைத்தான் பார்க்கின்றன.

படி 7: உதவித்தொகைகளும் சான்றிதழ்களும்

இன்ஸ்பயர் என்ற மத்திய அரசுத் திட்டம். பிளஸ் டூவில் அந்தந்த வாரியத்தின் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை அறிவியல் அல்லது கணிதம் படிக்கும் மாணவருக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை. இதில் முக்கியமான விஷயம், ஐசரில்தான் படிக்க வேண்டும் என்றில்லை. உள்ளூர்க் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தாலும் விண்ணப்பிக்கலாம். கணிதத் துறையில் சேர்ந்த எத்தனையோ பிள்ளைகள் இது தெரியாமலேயே மூன்று வருடத்தை ஓட்டிவிடுகிறார்கள்.

ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் தமிழ்நாடு அரசின் பக்கம் திரும்புங்கள். ஐ.ஐ.டி., இந்திய அறிவியல் கழகம் போன்ற உயர் நிறுவனங்களில் இடம் பிடிக்கும் அரசுப் பள்ளி மாணவர்களின் இளநிலைப் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. உங்கள் பிள்ளை சேரும் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தலைமையாசிரியர் வழியாக எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் வந்தன. பட்டியல் சாதி மாணவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட நிறுவனங்களில் சேர்ந்தால் மத்திய அரசின் உயர்தரக் கல்வித் திட்டம் கைகொடுக்கும். குடும்ப வருமான வரம்பு எட்டு லட்சம்.

இப்போது சான்றிதழ். இதில் கோட்டைவிட்ட குடும்பங்கள் ஏராளம். நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் அப்படியே செல்லாது. மத்திய அரசு படிவத்தில், வசதி படைத்த பிரிவினர் இல்லை என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இருப்பதில்லை. முதலில் அதைச் சரிபாருங்கள். சான்றிதழ் நடப்பு நிதியாண்டுக்குரியதாக இருக்க வேண்டும் என்று பல இடங்களில் கேட்பதால், ஏப்ரல் பிறந்ததும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். வருமானச் சான்றிதழும் அதே நாளில். தாசில்தார் ஆபீஸ் வேகம் உங்களுக்குத் தெரிந்ததுதானே.

கடைசி வழியாகக் கடன். 2024இல் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் பட்டியலிட்ட நிறுவனங்களில் சேரும் மாணவருக்கு அடமானம் இல்லாமல் கல்விக்கடன் கிடைக்கும். வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால் பத்து லட்சம் வரையிலான கடனுக்கு வட்டியில் மூன்று சதவீதம் சலுகை.

படி 8: நாள்காட்டி

சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஜூலையில் ஒலிம்பியாட் பதிவை விசாரியுங்கள். நவம்பரில் ஜே.இ.இ. மெயின் விண்ணப்பத்தைக் கவனியுங்கள். ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை ஐ.எஸ்.ஐ., சி.எம்.ஐ., ஐசர், நெஸ்ட், க்யூட் விண்ணப்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூடும். அதாவது செய்முறைத் தேர்வும் பொதுத்தேர்வும் நடக்கும் அதே வாரங்களில். பிள்ளைக்கு அப்போது தலை நிமிர நேரமிருக்காது. இந்த வேலையை அப்பாவோ அக்காவோ எடுத்துக்கொள்ள வேண்டும். ஞாயிறுதோறும் காலையில் அரை மணி நேரம் எல்லா இணையதளங்களையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். தேர்வுகள் மே, ஜூனில். கல்லூரிக் கனவு என்று மே மாதம் கிளம்புகிறவர்களுக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங்கும் கலைக் கல்லூரிகளும் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

படி 9: எதுவும் கிடைக்கவில்லை என்றால்

கிடைக்காமல் போக வாய்ப்பு அதிகம். இந்த இடங்கள் குறைவு, எழுதுபவர்கள் நாடு முழுக்க. அப்போது பிள்ளையைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொல்கிறேன்: உள்ளூர்க் கல்லூரி பி.எஸ்சி. கணிதம் மோசமான இடமில்லை, சரியான ஆசிரியர் இருந்தால்.

லயோலா கல்லூரியில் சார்ல்ஸ் ராசீன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கணக்கு நடத்தினார். பாடத்திட்டத்துக்கு அப்பால் அன்றைய புதிய கணிதத்தைத் தன் மாணவர்களுக்குக் காட்டி, டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தவர். அவரிடம் படித்தவர்கள்தாம் மேலே சொன்ன சேஷாத்ரியும், எம்.எஸ். நரசிம்மனும். இருவர் பெயரும் சேர்ந்த தேற்றம் இன்று உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. அதனால் கல்லூரி பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். கணிதத் துறைக்குப் போய், "இங்கிருந்து யாராவது ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி. எம்.எஸ்சி. போயிருக்காங்களா? கோடை முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்புவீங்களா?" என்று கேளுங்கள். முகம் மலர்ந்து பதில் சொல்லும் ஓர் ஆசிரியர் இருந்தால் அங்கே சேருங்கள்.

செலவு? அரசுக் கலைக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணம் என்று சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். அரசு உதவிபெறும் கல்லூரி என்றால் கவனம். ஒரே கல்லூரியில், ஒரே பி.எஸ்சி. கணிதம், காலையில் எய்டட், மதியம் செல்ஃப் ஃபைனான்ஸ் என்று இரண்டு கட்டணத்தில் நடக்கும். விண்ணப்பத்தில் எய்டட் பிரிவை முதலில் குறியுங்கள்.

சேர்ந்த முதல் வருடத்திலிருந்தே பிள்ளை வெளியே கைநீட்ட வேண்டும். 1993இல் பேராசிரியர் எஸ். குமரேசன் தொடங்கிய எம்.டி.டி.எஸ். கோடை முகாமில், தங்கவைத்துச் சாப்பாடு போட்டு, கணிதத்தை யோசிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். பி.எஸ்சி. மாணவர்களுக்கென்றே மாதவா கணிதப் போட்டி இருக்கிறது. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகள் என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் இலவசம். இந்திய அறிவியல் அகாடமிகளின் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். மூன்றாண்டு முடிந்ததும் இரண்டாவது வாசல் திறக்கும்: ஜாம் வழியாக ஐ.ஐ.டி., இல்லையென்றால் அதே சி.எம்.ஐ.யும் ஐ.எஸ்.ஐ.யும், எம்.எஸ்சி.க்கு. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராமானுஜன் உயர் கணித நிறுவனமும் இருக்கிறது. முதல் வாசலில் திரும்பிவந்து இரண்டாவதில் நுழைந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

வெளிநாடு பற்றி நான்கு வரி

எம்.ஐ.டி., ஹார்வர்ட், பிரின்ஸ்டன், யேல் போன்ற ஒரு சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவரின் பண நிலைமையைப் பார்க்காமல் தேர்ந்தெடுத்து, தேர்ந்தெடுத்த பிறகு குடும்பத்தால் முடியாத தொகை முழுவதையும் ஏற்கின்றன. சர்வதேச ஒலிம்பியாட் அளவிலான பிள்ளை என்றால் முயலலாம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் இல்லை. ஆனால் பிளஸ் டூ மட்டும் வைத்துக்கொண்டு நேரடியாகச் சேர முடியாது, வாழ்க்கைச் செலவுக்கென ஒரு வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் வங்கியில் முடக்கிக் காட்டவும் வேண்டும். பி.எஸ்சி.யை இங்கே முடித்துவிட்டு ஆராய்ச்சிக்குப் போனால் அவர்களே சம்பளம் போல உதவித்தொகை கொடுத்து அழைத்துக்கொள்வார்கள். அவசரம் எதற்கு?

"பி.எஸ்சி. மேத்ஸ் படிச்சு என்ன பண்றது?"

வீட்டில் யாராவது ஒரு மாமா இதைக் கேட்பார். அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குச் சம்பளம் அவசரம். அவரிடம் சொல்ல வேண்டியது: ஐ.எஸ்.ஐ., சி.எம்.ஐ. முடித்தவர்களை வங்கி, காப்பீடு, தரவுப் பகுப்பாய்வு, மென்பொருள் நிறுவனங்கள் தேடி வருகின்றன. ஆராய்ச்சிக்குப் போனாலும் வீட்டில் கேட்க வேண்டியதில்லை, ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். உள்ளூர்க் கல்லூரியில் வெறும் பி.எஸ்சி.யோடு நிறுத்துவதாக இருந்தால் மாமா சொல்வது சரி, அது போதாது. குறைந்தது எம்.எஸ்சி. வரை போகும் திட்டத்தோடு சேருங்கள்.

சேர்ந்த பிறகு

இடம் கிடைத்துவிட்டது, ரயில் ஏற்றிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அக்டோபரில் ஒரு போன் வரும். "அப்பா, எனக்கு இங்க ஒண்ணும் புரியல. முதல் டெஸ்ட்ல பெயில்." பள்ளியில் அதுவரை முதல் இடத்தைத் தவிர வேறெதையும் பார்க்காத பிள்ளை, தன்னைப் போலவே முதல் இடம் மட்டுமே பார்த்த நாற்பது பேருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பாதிப் பேர் வீட்டுக்கு இதே போனைப் போட்டிருப்பார்கள், ஆனால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். அப்போது திட்டாதீர்கள், திரும்பி வரவும் சொல்லாதீர்கள். புரியாத பாடத்தின் ஆசிரியர் அறைக்கு நோட்டோடு போகச் சொல்லுங்கள். இந்த நிறுவனங்களில் மாணவர் தொகை குறைவு, கதவைத் தட்டினால் திறக்கும். சீனியரில் ஒரு தமிழ்ப் பிள்ளையைத் தேடிப்பிடித்து வாரம் ஒருமுறை கூட உட்காரச் சொல்லுங்கள். உதவித்தொகை குறைந்தால் அந்த ஒரு பருவத்தைச் சமாளிக்க இருபத்தைந்தாயிரம் ரூபாயை, படி 2இல் போட்ட கணக்கிலேயே தனியாக ஒதுக்கி வைத்திருங்கள்.